வாகனமாற்ற நாள்

பதாகையில் ஒரு கால் கூடிப்போயிற்று.
'வாகனமற்ற நாள்' என்றுதான் நினைத்தார்களாம்.
'வாகனமாற்ற நாள்' என்று அச்சாகி
மல்லியப்பு சந்தியில் தொங்கியது.
சிங்களத்தில் சரியாம்.
எங்களுக்கு எப்போதும்
ஒரு கால் கூடும், இல்லையென்றால்
ஒரு கொம்பு குறையும்.

பத்தாம் தேதி சம்பளம்.
அதற்கடுத்த ஞாயிறு
ஹட்டனுக்குத் தோட்டமெல்லாம் இறங்கும் நாள்.
ஏழு ஹயராவது விழுந்திருக்கும் எனக்கு.
தெரிந்து வைத்தார்களா, தெரியாமலா,
காலை ஆறு முதல் மாலை நாலு வரை
தெருவுக்குக் கயிறு.
லீசிங்காரனுக்குக் கயிறு கட்ட யாருமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே மதிலோரம்
திரீவீலை நிறுத்தி
பின் டயருக்குக் கல் வைத்துவிட்டு
நடந்தேன்.

பதினோரு வருடமாக இந்தத் தெருவை
கியரால் தெரியும் எனக்கு.
பாமசி வரை மூன்று,
வங்கி முனையில் இரண்டு,
கோயில் ஏற்றத்தில் ஒன்றும் ஒரு முனகலும்.
இன்று கெண்டைக்கால் சொன்னது,
பாமசிக்கு முன்னாலேயே ஏற்றம் தொடங்கிவிடுகிறதென்று.
எஞ்சின் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம் அந்தச் சத்தம்.
வடிகான் பலகைக்கு அடியில்
ஓர் ஓடை போய்க்கொண்டிருந்தது.
என் சைலன்சருக்குக் கீழே
இத்தனை நாளும் அது
யாரோடு பேசிக்கொண்டிருந்ததோ.

விளையாட்டுகளைச் சமதரையில் உட்கார்ந்து
யோசித்திருக்க வேண்டும்.
கெரம் மேசைக்கு இரண்டு கால்களில் செங்கல்.
ஆனாலும் காய்களெல்லாம்
றினோஸாவின் பக்கமே வழுக்கின.
மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டு
இடம் மாற முடியாதென்றாள்.

வங்கி முனையில் கிஷோபன் அடித்த பந்து
பாமசியைத் தாண்டி, மீன் கடையைத் தாண்டி,
எட்டுப் பையன்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓட,
வேலையில்லாமல் நின்ற பொலிஸ்காரர்
சப்பாத்தை நீட்டித் தவறவிட,
பஸ் ஸ்டாண்டு பக்கம் மறைந்தே போயிற்று.
அன்று ஹட்டனில் வேக எல்லையை மீறியது
அது ஒன்றுதான்.

நடுத்தெருவில் சோக்கால் ஒரு பஸ்.
பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே ஏறி
உட்கார்ந்திருந்தார்கள்.
கண்டக்டர் லோகநேசன், கை சும்மா இருக்காமல்,
பின்னால போ, பின்னால போ என்றார்.
பின்னால் இடமிருந்தது.
அவர் வாழ்நாளில் முதல் தடவை.

வெள்ளைக் கோட்டின் மேலேயே
கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் யோகமலர்.
பக்கத்தில் அரிசி, மா, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.
'என்னக்கா, இதுக்கா இவ்வளவு கூட்டம்?
எங்க மேல் டிவிசனுக்கு
எந்த நாள் வாகனம் வந்துச்சு?
நாங்க பதாகை கட்டல. அவ்வளவுதான்.'
சொல்லிவிட்டு ஐஸ்கிரீமை நக்கினாள்.
காலை மடக்கவில்லை.
எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

நாலு மணி. கயிறு அவிழ்ந்தது.
முதல் பஸ் சோக்கு பஸ்ஸின் மேல் போனது.
கல்லை எடுக்கக் குனிந்தால்
டயருக்கும் கல்லுக்கும் நடுவில்
பச்சைப் பந்து.

அன்றைக்கு ஒரே ஒரு ஹயர், யோகமலர்.
கொழுந்து மடுவத்தடியில் தார் முடியும்.
வழக்கமாக அங்கே திருப்பிக்கொள்வேன்.
மேலே பார்த்தேன், ஒன்றரைக் கட்டை, கல்படி.
கெண்டைக்கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.
அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன்.
'ஹயருக்கு மேல தரமாட்டேன்' என்றாள்.
'யாரு கேட்டது' என்றேன்.
பாதியில் இரண்டு தடவை இறக்கி வைத்தோம்.

லயத்து வாசலில் அவள் மகன்
என் கையிலிருந்த பந்தைக் கேட்டான்.
கொடுக்கவில்லை. கிஷோபனுடையது.
காலையில் வங்கி முனையில் நிற்பான்.
ஹோர்ன் அடித்துத்தான்
கூப்பிட வேண்டும்.